வடவானில் எரிந்த தீ: நம் பிள்ளைகள் கேட்கும் ஒரு கரடுமுரடான இசையைப் பற்றி



சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். முந்தானைக்குள் ஒரு கைபேசியைச் சுற்றி மறைத்து வைத்திருந்தார். “சாமி, இதைப் பாருங்க. எம் மவன் போனு. பேய்ப் படமா வச்சிருக்கான். ராத்திரி பூரா காதுல மாட்டிக்கிட்டு இதைத்தான் கேக்குறான். மந்திரிச்சு விடணும்” என்றார். திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், கண்ணைச் சுற்றிக் கரி, இருட்டிலிருந்து எழுந்து வருகிற மாதிரி ஓர் உருவம். நம் ஊர் பாஸ்கா நாடகத்தில் பேய் வேடம் கட்டுகிறவர் நினைவுக்கு வந்தார். ஆனால் அந்த நேரத்தில் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பையனை நமக்கு நன்றாகத் தெரியும். பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பன்னிரண்டு வயதிலிருந்து நம் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவன். அவனுடைய தந்தை அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரி மோதி இறந்தார். அடக்கத் திருப்பலியில்கூட அவன்தான் வாசித்தான். அதன்பின் கீபோர்டைத் தொடவில்லை. (அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.)

மறுநாள் ஞாயிறு, அவனை அழைத்து, தாயின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். சாத்தானின் பாட்டு என்றோம், அழித்துவிடு என்றோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. “நீங்க கேட்டுப் பாத்தீங்களா ஃபாதர்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்த நான்கு ஞாயிறுகள் அவனைக் கோயிலில் காணவில்லை.

கேட்கவில்லை என்பதே உண்மை. கேட்காமல் தீர்ப்பிட்டோம். குருத்துவக் கல்லூரியில் நாம் இறையியல் படித்த காலத்தில், கண்டனக் கட்டுரை எழுதும் முன் கண்டிக்கப்படும் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாயா என்று கேட்கிற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் முகம் நினைவுக்கு வந்தது. ஆகவே அந்தத் தவக்காலத்தில், இரவு செபம் முடிந்து, மருமகன் வாங்கிக் கொடுத்த காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, அந்தப் பாடல்களைக் கேட்கத் தொடங்கினோம். தவ முயற்சி என்றால் இதுவும் ஒன்றுதான்!

அந்தப் படம் ஓர் இசைத்தொகுப்பின் அட்டை. நார்வே நாட்டில் ஓஸ்லோவுக்கு அருகே கோல்போட்ன் என்ற ஊரைச் சேர்ந்த டார்க்த்ரோன் என்னும் குழு 1991 ஆகஸ்டில் பதிவு செய்து 1992 பிப்ரவரியில் வெளியிட்டது. ‘எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’ என்று பெயர். வடவானில் ஒரு தீப்பிழம்பு என்று பொருள். ஆறு பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். இந்த வகை இசைக்கு ‘பிளாக் மெட்டல்’ என்று பெயர். 1982இல் வெனம் என்ற இங்கிலாந்துக் குழு வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே பிற்பாடு இனப்பெயராகிவிட்டது. ஸ்வீடனின் பாத்தோரி குழு 1984இலேயே இந்தக் கரடுமுரடான ஒலிக்கு வழிகாட்டிவிட்டது. 1987இல் கத்தோலிக்க நாடான பிரேசிலிலிருந்து சர்கோஃபாகோ என்ற குழு, ஆண்டவரின் சிலுவையின் மேல் எழுதப்பட்ட நான்கு எழுத்துகளையே தலைப்பாக வைத்து அவரை இகழ்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. நார்வேக்காரர்கள் இவர்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்.

அது எப்படி ஒலிக்கும்? நம் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்தின் உச்சியில் கூம்புக் குழாயைக் கட்டி, அரை மைல் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். பக்கத்தில் நின்றால் பாட்டே புரியாது. அடி ஒலி இருக்காது, கிறீச்சென்ற மேல் ஒலி மட்டும் காதைக் குத்தும். ஆனால் இரண்டு வயல் தாண்டி, பனி இறங்குகிற நேரத்தில் அதே பாட்டைக் கேட்டால் ஏனோ நெஞ்சு கனக்கும். அந்தத் தொகுப்பு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. கிடாரில் ஒரே தந்தியை மிக வேகமாக மேலும் கீழுமாகச் சுரண்டுகிறார்கள். டிரம்ஸ் மழை ஓட்டுக்கூரைமேல் விழுவதுபோல ஒரே சீராகக் கொட்டுகிறது. பாடுகிறவர் பாடுவதில்லை, தொண்டை கிழியக் கத்துகிறார். எல்லாம் சேர்ந்து, ஒரு மூடிய அறைக்குள்ளிருந்து சுவர் வழியாக வருவதுபோல மங்கலாகக் கேட்கிறது. இதைத்தான் ‘ரா’, அதாவது பச்சை, என்கிறார்கள். சூளையில் வைக்காத பச்சைப் பானைபோல.

இதில் நம்மை வியக்க வைத்தது, இது இயலாமையால் வந்த மட்டமான பதிவு அல்ல என்பதுதான். அதே குழு அதற்கு முந்தைய தொகுப்பை ஸ்வீடனின் தலைநகரில் ஒரு பெயர்பெற்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்திருந்தது. அது ‘டெத் மெட்டல்’ என்ற வேறொரு வகை. கைத்திறனும் துல்லியமும் மிகுந்தது. விற்ற நிறுவனத்துக்கும் திருப்தி. அடுத்ததும் அப்படியே வரும் என்று காத்திருந்தவர்கள் கையில்தான் இந்தப் பச்சை ஒலி வந்து விழுந்தது. பீஸ்வில் என்ற அந்த இங்கிலாந்து நிறுவனம் தயங்கியது, ஒலியைச் சீர்செய்ய விரும்பியது. இளைஞர்களோ ஒரு மாற்றமும் கூடாது, இல்லையென்றால் வேறிடத்தில் வெளியிடுவோம் என்று நின்றார்கள். நிறுவனம் இறங்கி வந்தது. குழுவின் பேஸ் கிடார்காரருக்கே இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை. பதிவில் வாசித்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். இருபது வயதை ஒட்டிய பையன்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள், வேண்டுமென்றே அழகைக் கழற்றி எறிந்தார்கள்.

அதன் பாதிப்பு எவ்வளவு தூரம் போயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1994இல் அதே குழு ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ என்ற தொகுப்பை வெளியிட்டபோது, ஃபென்ரிஸ் என்ற புனைபெயர் கொண்டவர் கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் தாம் ஒருவராகவே வாசித்து, நான்கு தடம் மட்டும் உள்ள ஒரு சிறு பதிவுக் கருவியில் பிடித்தார். மற்றவர் குரல் கொடுத்தார். அதன்பிறகு ஒலிப்பதிவுக் கூடமோ பணமோ குழுவோ தேவையில்லை என்றாகிவிட்டது. உலகில் எந்த மூலையிலும் ஒரு பையன், ஓர் அறை, ஒரு மலிவான கருவி போதும். அப்படிப் பிறந்த தொகுப்புகளுக்குக் கணக்கே இல்லை. முதலில் கலகமாக இருந்தது பின்னாளில் சட்டமாகிவிட்டது என்பது வேறு கதை. இன்று கணினியில் தெளிவாகப் பதிவு செய்துவிட்டு, பழைய கேசட் போலக் கேட்கும்படி அதைக் கெடுக்கிறவர்களும் உண்டாம்! நார்வேயின் தேசிய நூலகம் 2020இல் தன் நாட்டுப் பண்பாட்டு வரலாற்றை விளக்கும் நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தபோது, இந்த 1992ஆம் ஆண்டுத் தொகுப்பையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஃபென்ரிஸ், தம் பூனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு ‘எனக்கு வாக்களிக்காதீர்கள்’ என்று சுவரொட்டி ஒட்டியும், அவ்வூர் நகராட்சியில் மாற்று உறுப்பினராகத் தேர்வு பெற்றுவிட்டார். பேய் என்று நாம் அஞ்சியவர் கடைசியில் வார்டு மெம்பர் ஆகிவிட்டார்.

ஆனால் இங்கே சிரித்துவிட்டுக் கடந்துபோக நம்மால் முடியவில்லை. ஏனென்றால் அந்த 1992ஆம் ஆண்டில் நார்வேயின் வானில் உண்மையாகவே தீப்பிழம்பு எழுந்தது.

பெர்கன் நகருக்கு அருகில் ஃபான்டாஃப்ட் என்ற இடத்தில் ஒரு மரத்தேவாலயம் இருந்தது. 1150 அளவில் ஃபோர்டூன் என்ற மலையூரில் கட்டப்பட்டது. இடிக்கப்படவிருந்த அதை 1883இல் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருந்தார்கள். 1992 ஜூன் 6ஆம் நாள் விடியலில் அதற்குத் தீ வைத்தார்கள். எண்ணூறு ஆண்டுக் காலத்து மரம் சாம்பலாகிவிட்டது. தொடர்ந்து ஆகஸ்டில் ஓஸ்லோவின் ஹோல்மன்கோலன் சிற்றாலயம், செப்டம்பரில் ஷோல்ட் தேவாலயம், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்திய நாளில் ஓசனே தேவாலயம் என்று எரிந்துகொண்டே போயிற்று. 1996 வரையிலான ஆண்டுகளில் ஐம்பது அளவுக்குத் தாக்குதல்கள் நடந்தன என்பார்கள். பர்சும் என்ற பெயரில் தனி ஆளாக இசையமைத்த வர்க் விகெர்னஸ், 1993 ஆகஸ்டில் தம் தோழரும் மற்றோர் இசைக்கலைஞருமான யூரோனிமஸைக் குத்திக் கொன்றார். அந்தக் கொலைக்கும் மூன்று தேவாலயங்களை எரித்ததற்குமாக 1994இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஃபான்டாஃப்ட் வழக்கில் மட்டும் அவரைக் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்மானிக்கவில்லை. ஆனால் எரிந்து நின்ற அந்த ஆலயத்தின் படத்தைத் தம் இசைத்தட்டின் அட்டையில் போட்டு, அதற்குச் ‘சாம்பல்’ என்று பெயரும் வைத்தவர் அவர். டார்க்த்ரோன் குழுவினர் இந்தத் தீவைப்பு வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் அல்லர். ஆனால் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கொல்லப்பட்ட அந்த யூரோனிமஸுக்கே காணிக்கையாக்கியிருந்தார்கள். 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் நான்கு பாடல்களுக்கு வரிகள் எழுதியவர் விகெர்னஸ். எரித்தவர்களும் எரிக்காதவர்களும் ஒரே வட்டத்தில் இருந்தவர்கள்.

2008இல் ஒடிசாவின் கந்தமால் காடுகளில் நம் ஆலயங்கள் எரிந்தன. மக்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அந்நாள்களில் நம் பங்கிலும் மெழுகுதிரி ஏற்றிச் செபித்தோம். ஓர் ஆலயம் எரிவது என்றால் என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்த இசையைப் பற்றி ‘அதெல்லாம் வெறும் கலை’ என்று சொல்லிவிட முடியாது. ஃபான்டாஃப்ட் ஆலயத்தை 1997க்குள் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டிவிட்டார்கள் என்பது ஆறுதல். ஆனாலும் அது புது மரம்தான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின், ஐந்தாம் வாரத்தில் பையனின் வீட்டுக்குப் போனோம். தாய் வெளியே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நாம் கேட்டதைச் சொன்னோம். முதலில் நம்பவில்லை. எந்தப் பாட்டு என்று சோதித்தான். ஃபான்டாஃப்ட் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். “தெரியும் ஃபாதர். அவங்க செஞ்சதை நான் சரின்னு சொல்லல. சத்தம் மட்டும்தான் எனக்கு வேணும்” என்றான். சத்தத்தை மட்டும் தனியே எடுக்க முடியுமா என்று கேட்டோம். அதற்கு அவன் சிங்கப்பூரைக் காட்டினான்.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. இவனுடைய அண்ணனும் அங்கேதான் இருக்கிறான். விடுமுறையில் வந்தபோது அவன் சொல்லித்தான் ருத்ரா என்ற குழுவைக் கேட்டிருக்கிறான். 1992இல், அதாவது அந்த நார்வேத் தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டில், சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய குழு அது. பேஸ் வாசித்துப் பாடுகிறவர் கதிர், டிரம்ஸ் வாசிப்பவர் சிவா. 1996இல் கலைந்து, பின் மறுபடி கூடி, 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்த ஒலி. நார்வேக்காரர்கள் அளவுக்குப் பச்சையானது அல்ல, ஆனால் அதே உறுமல், அதே வேகம். உள்ளே வைத்திருப்பதோ உபநிடதமும் வேதாந்தமும்! சமஸ்கிருத சுலோகம் ஓதுகிற குரலும், தம்புராவின் சுருதியும், நம் தாள வாத்தியங்களும் அந்த இரைச்சலுக்கிடையே வருகின்றன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்று மூன்று பாகங்களாக ஒரு பெரிய தொடரையே முடித்திருக்கிறார்கள். தங்கள் இசைக்கு ‘வேத மெட்டல்’ என்று அவர்களே பெயரிட்டார்கள். அது இன்று ஒரு தனிக் கிளையின் பெயராக நிலைத்துவிட்டது.

இந்தக் குழுவின் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு நம்மைச் சற்று நேரம் உட்கார வைத்துவிட்டது. ‘தி ஆர்யன் க்ருசேட்’. ஆரியச் சிலுவைப்போர்! ஒரே தலைப்பில் எத்தனை வரலாறு! டார்க்த்ரோனின் 1994ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் பதிப்பில், பின்னட்டையில், ‘நார்வே ஆரிய பிளாக் மெட்டல்’ என்று பொருள்படும் சொற்கள் அச்சாகியிருந்தன. அது ஹிட்லர் காலத்து நச்சு ஒட்டிய சொல். கண்டனம் எழுந்தது, குழுவினர் வருத்தம் தெரிவித்தார்கள், அடுத்த பதிப்புகளில் அந்த வரி எடுக்கப்பட்டது. ஏழு ஆண்டு கழித்து, சிங்கப்பூர்த் தமிழர் அதே சொல்லை எடுத்து, ‘மேன்மையானவர்’ என்ற அதன் பழைய சமஸ்கிருதப் பொருளில் வைக்கிறார்கள். அதைத் தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? இங்கே ஆரியம் என்றால் நூறு ஆண்டு அரசியலின் இன்னொரு முனை. போதாததற்கு ‘சிலுவைப்போர்’ என்பது நம் திருச்சபையின் வரலாற்றிலிருந்து எடுத்த சொல். நாமே பெருமையோடு சொல்லத் தயங்குகிற சொல். ஒரு சொல் நாலு ஊர் சுற்றி வந்தால் நாலு முகத்தோடு வருகிறது. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சிங்கப்பூரின் இசைக் கல்வியாளர் யூஜின் தைரியநாதன் இக்குழுவைப் பற்றியும், அங்குள்ள தென்னிந்தியரின் அடையாளத்தைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்ததும் நமக்கு ஏலாக்குறிச்சி நினைவு வந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

“கிறிஸ்தவர்கள் யாரும் இதைச் செய்யவில்லையா?” என்று கேட்டோம். செய்திருக்கிறார்கள். 1994இல் ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற பெரிய நிறுவனம், ஹோர்ட் என்ற பெயரில், ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. தலைப்பு நார்வே மொழியில். ஒலி அசல் பச்சை பிளாக் மெட்டல். வாசித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயரிலி’ என்று மட்டும் இருந்தது. கேட்டுப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். வரிகள் எல்லாம் சாத்தானைப் பழிப்பவை, ஆண்டவரைப் போற்றுபவை! ‘யார் இவன்?’ என்று கேட்டு நிறுவனத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்தனவாம். அவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேசன் ஷெர்லாக், மார்ட்டிஃபிகேஷன் என்ற கிறிஸ்தவ மெட்டல் குழுவில் முன்பு டிரம்ஸ் வாசித்தவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்த ஒரு தொகுப்பிலிருந்து ‘அன்பிளாக் மெட்டல்’ என்று ஒரு கிளையே பெயர் பெற்றது. 2006இல் அவர் ஓஸ்லோவுக்கே போய் மேடையேறினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சிற்றாலயம் எரிந்த அதே நகரம்.

இது நமக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும். துணிச்சலை மெச்சுகிறோம். ஆனால் உள்ளதைச் சொல்கிறோம், நமக்கு அது முழு நிறைவு தரவில்லை. அதில் ஒரு பாடலின் தலைப்பே, தலைகீழ்ச் சிலுவையைத் திருப்பிக் கவிழ்த்துவிடு என்பதுதான். அவர்கள் சாபமிட்ட இடத்தில் இவர் எதிர்ச் சாபமிடுகிறார். சண்டை போடுகிற இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி கத்துவதுபோல இருக்கிறது. ருத்ரா அப்படிச் செய்யவில்லை. அவர்கள் நார்வேக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, சாவு என்றால் என்ன, நான் என்பது யார் என்று தங்கள் முன்னோர் கேட்ட கேள்வியை அந்த ஒலியில் கேட்டார்கள். அவர்களுடைய விடை நம் விசுவாசத்தின் விடை அல்ல. கேள்வி நம்முடையதும்தான். பையனுக்கு ஹோர்டைவிட ருத்ரா ஏன் பிடித்தது என்று நமக்குப் புரிந்தது. தந்தையைப் புதைத்த பிள்ளைக்குச் சாத்தானைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

இப்போது ஏலாக்குறிச்சிக்கு வருவோம். நம் அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அடைக்கல மாதா வீற்றிருக்கும் அத்தலத்துக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் வீரமாமுனிவர் என்பதை நம் மக்கள் அறிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் நம் மண்ணுக்கு வந்தவர். அவர் முதலில் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் தைரியநாதர். சிங்கப்பூர்க் கல்வியாளரின் பெயரைப் பார்த்ததும் நாம் நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம். அம்முனிவர் செய்ததை இன்று எளிதாகப் புகழ்ந்துவிடுகிறோம். அன்று அது எளிதாக இருந்திருக்காது. கலம்பகம் என்பது கோயில் தெய்வங்களையும் மன்னர்களையும் பாடப் பழகிய வடிவம். அதை எடுத்து அடைக்கல அன்னைக்குக் ‘காவலூர்க் கலம்பகம்’ பாடினார். காப்பியம் என்னும் வடிவத்தை எடுத்து, நாசரேத்துத் தச்சர் சூசையப்பருக்கு 1726இல் 3,615 பாக்கள் கொண்ட தேம்பாவணியைக் கட்டினார். வேற்றுச் சமயத்தின் வாசம் ஏறிய பாத்திரத்தைத் தொடலாமா என்று அன்று தயங்கியிருந்தால் நமக்கு அந்த நூல்களே இல்லை.

இசையிலும் இதே தயக்கம் நமக்கு இருந்திருக்கிறது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903இல் வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய ஆவணத்தில், கோயிலுக்குள் பியானோவும் டிரம் முதலிய இரைச்சலான கருவிகளும் கூடாது என்று தடை விதித்தார். அறுபது ஆண்டு கழித்து, 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் இசைக்கும், வழிபாட்டுக்குத் தகுந்ததாக அமையும் அவர்களது கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. இன்று தபேலா இல்லாத பாடகர் குழுவைக் காட்டுங்கள் பார்க்கலாம்! ஆனால் பறைக்கு நாம் அவ்வளவு விரைவில் கதவைத் திறக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மிருதங்கம் உள்ளே வந்தபோது பறை வெளியே நின்றது. அதற்குக் காரணம் ஒலி அல்ல, சாதி. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, மக்கள் ‘பரட்டை’ என்று அழைத்தவர், நாட்டுப்புற இசையிலும் பறையிலும் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்துக் காட்டினார். நம் சகோதரத் திருச்சபையைச் சேர்ந்தவர். நாம் குருத்துவ மாணவராக இருந்த நாளில் அவர் பாடல்களைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. ‘இது கோயிலா, எழவு வீடா?’ என்றார்கள். நாமும் அன்று அவர்களோடு சேர்ந்து சிரித்தோம்.

இதனால் வீரமாமுனிவரையும் நார்வேக் கலகக்காரர்களையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கலம்பகத்தின் பேரால் யாரும் கோயிலை எரிக்கவில்லை. இந்த இசையின் பேரால் எரித்தார்கள். அந்த வேறுபாடு பெரியது. ஆகவே நம் இளையோர் வெறுப்பைப் பாடும் வரிகளைப் பொருள் தெரியாமல் முணுமுணுப்பதை நாம் இன்னும் விரும்பவில்லை. பையனிடமும் அதைச் சொன்னோம். வரி என்ன சொல்கிறது என்று தேடிப் படி, படித்தபின்னும் கேட்கத் தோன்றுகிறதா பார் என்றோம். “சில பாட்டை நானே நிறுத்திட்டேன் ஃபாதர்” என்றான். எந்தப் பாட்டு என்று நாம் கேட்கவில்லை.

தாய்க்குத்தான் விளக்குவது கடினமாக இருந்தது. “மந்திரிக்க வேணாமா சாமி?” என்று மறுபடியும் கேட்டார். அவரிடம் நார்வேயைப் பற்றிப் பேசி என்ன பயன்? “அம்மா, உங்க வீட்டுக்காரர் செத்தன்னிக்கு நீங்க எப்படி அழுதீங்க? ராகம் போட்டா அழுதீங்க?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. “உங்க மவன் அன்னிக்கு அழவே இல்ல. கீபோர்டு வாசிச்சுக்கிட்டு இருந்தான்” என்றோம். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று அவனை வாசிக்கச் சொன்னதே நாம்தான். பாடகர் குழுவில் வேறு ஆள் இல்லை என்று சொன்னோம். அதை நினைத்து இன்றும் வருந்துகிறோம்.

திருப்பாடல்களில் நாம் ஞாயிறு வழிபாட்டில் எடுக்காத பகுதிகளைப் படித்துப் பாருங்கள். எண்பத்தெட்டாம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடியவில்லை. யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். இவற்றுக்கெல்லாம் நாம் இனிய மெட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். புனித வெள்ளிக்கு மட்டும் திருச்சபை வேறு வழி வைத்திருக்கிறது. பெரிய வியாழன் இரவிலிருந்து மணி அடிப்பதில்லை. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுகிறோம். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அழகே இல்லாத வறண்ட சத்தம். அந்த நாளுக்கு அதுதான் பொருத்தம் என்று வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அந்தப் புனித வெள்ளிக்குப் பையன் வந்தான். பாடகர் குழுவில் உட்காரவில்லை, கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். பிற்பகல் வழிபாடு முடிந்து, நம் ஊர் வழக்கப்படி மூத்த பெண்கள் பாடுபட்ட சுரூபத்தைச் சுற்றி அமர்ந்து வியாகுல அன்னையின் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ஏழெட்டுப் பாட்டிமார். இருவருக்குப் பல் இல்லை. ஒருவருடைய சுருதிக்கும் இன்னொருவருடைய சுருதிக்கும் தொடர்பில்லை. யாரோ மைக்கை நடுவில் வைத்துவிட்டார்கள், அது வெளியே கூம்புக் குழாயில் கிறீச்சிட்டது. இடையிடையே ஒரு சிறுவன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். பையன் வெளியே போய், குழாய் கட்டிய வேப்ப மரத்தடியில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். அவன் தோள் குலுங்குவதையும் பார்த்தோம்.

இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பதிவு வந்தது. நான்கு நிமிடம் சொச்சம். எல்லாக் குரலும் உடைந்து, இரைந்து, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: “இதை க்ளீன் பண்ணல ஃபாதர். அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு.”

இருக்கட்டும் என்று பதில் அனுப்பினோம். கீபோர்டை அவன் இன்னும் தொடவில்லை. பாடகர் குழுவில் இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி வாசிக்கிறாள். அவளுக்குச் சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுக்க அவன் வருகிறான்.